பொன்மலை வித்தை போய்விடலாமா?

ஊட்டி மலை ரயில் முன்னால் நின்று போட்டோ பிடித்துக்கொள்ளாத புதுமணத் தம்பதி உண்டா? ஆனால் அந்த ரயிலின் நீராவி இன்ஜின்களில் சில நமக்குப் பக்கத்திலேயே பிறந்தவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? புதுக்கோட்டையிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறைதான் அந்தப் பிறந்த வீடு!

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். 1899ல் குன்னூர் வரைக்கும், 1908ல் ஊட்டி வரைக்கும் ரயில் ஏறியது. கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலே போகும். இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது. பின்னால் நின்று தள்ளும். குன்னூர் வரை நீராவி, அதற்கு மேல் டீசல்.

இந்த 'எக்ஸ்' ரக இன்ஜின்களை ஆதியில் செய்து கொடுத்தது சுவிட்சர்லாந்துக் கம்பெனி. அவை தேய்ந்து கிழடு தட்டியபோது புதுசுக்கு எங்கே போவது? பொன்மலைத் தொழிலாளிகள் தாங்களே கட்டினார்கள். 2011ல் எண்ணெயில் ஓடும் இன்ஜின் வந்தது. 2021ல் நிலக்கரி இன்ஜினும் வந்தது. சபாஷ்!

கேள்வி இனிமேல்தான். பாய்லர் தகட்டை வளைத்து, நீராவி கசியாமல் அடைக்கிற வித்தை புஸ்தகம் படித்து வராது. பக்கத்தில் நின்று பார்த்துப் பழகணும். தெரிந்தவர் ரிடையர் ஆகி வீட்டுக்குப் போனால் வித்தையும் கூடவே போய்விடும்.

'பழைய வண்டிக்கு இவ்வளவு செலவா?' என்பாரும் உண்டு. மேட்டுப்பாளையம் டீக்கடைக்காரரையும் குன்னூர் ஆட்டோக்காரரையும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். 2005ல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியதும் சும்மா இல்லை.

1929ல் நம்ம ஊருக்கு ரயில் வந்ததும் கரி இன்ஜினோடுதான். இன்றைக்கு ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு அலையும் பையன்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ரிடையரான மேஸ்திரிகளைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, இந்தப் பையன்களுக்குத் தொழில் கற்றுத் தரச் சொன்னால் என்ன? புது இன்ஜின் கட்டும் செலவில் இது எந்த மூலைக்கு?

ரயில்வே அதிகாரிகள் கவனிப்பார்களா? இன்ஜின் மலை ஏறட்டும். தொழில் மலையேறிப் போய்விடக் கூடாது!