பனித்தளம் யார் வீட்டுச் சொத்து?

"பனிச்சறுக்கா? அது பணக்காரப் பிள்ளைங்க விளையாட்டு. நம்ம பிள்ளைக்கு எதுக்கு அந்த ஆசை?" கெடாவில் கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப் பட்டாணி என்று எங்கே பேச்சை எடுத்தாலும் இதுதான் பதில். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பழைய சாமான்களில் பாதியை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். இந்தப் பேச்சை மட்டும் பத்திரமாக லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம்.

பனித்தளம் எங்கோ கோலாலம்பூரில் இருக்கிறது என்று இனிச் சொல்ல முடியாது. 2022-இல் செபராங் ஜெயா சன்வே கார்னிவல் பேரங்காடியின் புதிய பகுதியில் ஒன்று திறந்தார்கள். கூலிமிலிருந்து காரில் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற நம் குடும்பங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகின்றன.

செலவே இல்லை என்று நான் வாதாடவில்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டைத் தொட்டதே 2025-இல்தான். அந்தச் சம்பளத்தில் ஓடும் வீட்டால் தனிப் பயிற்றுநருக்கு மணிக்கணக்கில் எண்ணிக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தச் செலவைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நம் வெயிலில் பனியைக் காக்கக் குளிர்பதன இயந்திரம் இரவும் பகலும் ஓடியாக வேண்டும். நூறு பேர் சறுக்கினாலும் ஒருவருமே சறுக்காவிட்டாலும் அது நிற்காது. கூட்டம் சேர்வது வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும். வார நாள் பிற்பகலில் ஒரு பள்ளிப் பேருந்து நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினால் நிர்வாகத்துக்குக் கூடுதலாக ஆகும் செலவு சொற்பம். முதல் வருடம் கற்பதெல்லாம் விழுவது, எழுவது, முன்னே போவது, நிற்பது. இதற்கு ஆளுக்கொரு பயிற்றுநர் வேண்டாம். ஒருவர் ஒரு வகுப்பையே பார்த்துக்கொள்வார். சறுக்குக் காலணி தளத்திலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. சொந்தமாக வாங்கினாலும், தேய்வதற்கு முன்பே பிள்ளையின் கால் வளர்ந்துவிடும். அடுத்த பிள்ளைக்கு அதை எடுத்து வைக்கப் பள்ளியில் ஓர் அலமாரி போதும். உடைக்கு என்ன செய்வது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அரங்கேற்றத்துக்குக் கடன் வாங்கவும் தயங்காத சமூகம் நாம். பரதநாட்டிய உடை தைக்கிற கைகளுக்கு இது பெரிய வேலை இல்லை.

ஸ்குவாஷ் மட்டும் என்ன, பால்மரம் வெட்டியவர்கள் கண்டுபிடித்த ஆட்டமா? இங்கிலாந்தின் ஹாரோ என்ற செல்வந்தர் பள்ளியில் பிறந்து, வெள்ளைக்காரர்களின் கிளப்புகளோடு இங்கே வந்தது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகப் புக்கிட் ஜாலிலில் அரசு ஸ்குவாஷ் மையம் எழுப்பியது. மாநிலங்கள் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தன. கெடா மண்ணின் சிவசங்கரி சுப்பிரமணியம் 2023-இல் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு லண்டன் கிளாசிக் பட்டத்தையும் கொண்டுவந்தார். "ஸ்குவாஷ் நமக்கு ஆகாது" என்று இன்று யாராவது வாய் திறக்கட்டும், பார்ப்போம்! ஆட்டம் மாறவில்லை, அரங்கத்துக்குப் பொதுப்பணம் வந்தது.

பனிச்சறுக்குக்கு அந்தப் பணம் அந்த அளவுக்கு வரவில்லை. மலேசிய வீரர் ஜூலியன் ஈ பேரங்காடித் தளத்தில் சறுக்கப் பழகியவர். 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் தங்கம் வென்று, 2018-இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் 25-ஆவதாக வந்தார். இறுதிச் சுற்றுக்கு 24 பேர்தான். நம் பிள்ளை ஸ்ரீ அபிராமி சந்திரன் சிறுவயதிலேயே வெளிநாட்டுப் போட்டிகளில் பதக்கம் வாங்கினார். உடனே, "பார்த்தீர்களா, திறமை இருந்தால் வழி தானாகப் பிறக்கும்" என்று கைதட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம். பணக்கார விளையாட்டு என்ற பேச்சைவிட இந்தப் பாராட்டு ஆபத்தானது. ஒரு பிள்ளை ஏறிவிட்டதைக் காட்டி, ஏணியே வேண்டாம் என்கிறோம்.

படிப்பு கெடும் என்பவர்களுக்கு நியூயார்க்கில் பதில் இருக்கிறது. 1997-இல் அங்கே தொடங்கிய 'ஃபிகர் ஸ்கேட்டிங் இன் ஹார்லெம்' அமைப்பு, கறுப்பின, லத்தீன் சிறுமிகளுக்குச் சறுக்கோடு பாடத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறது. எல்லாரும் ஒலிம்பிக் போக வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நான்கைந்து சேர்ந்து பனித்தள நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும்: வாரம் ஒரு பிற்பகல், குழுக் கட்டணம், வாடகைக் காலணி உட்பட. அதன் நகல் கெடா மாநில விளையாட்டு மன்றத்துக்கும் போகட்டும். பேருந்துச் செலவை மன்றத்திடம் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கி வையுங்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் முன்னால் அதை நீட்டலாம்.