நாடகம் வேண்டும், பெயர் வேண்டாமாம்!

1895இல் இலண்டனில் ஒரே வேளையில் இரண்டு நாடகங்கள் வெற்றியுடன் நடந்தன. இரண்டையும் தீட்டியது ஆஸ்கார் வைல்டின் பேனா. சீமான்களின் போலிப் பகட்டை மேடையேற்றி, அந்தச் சீமான்களையே சிரிக்க வைத்த பேனா!

ஏப்ரலில் கைது. கொலையா, கொள்ளையா? இல்லை, ஆண்களோடு உறவு கொண்டார் என்பதே குற்றம்.

விளம்பரத்தில் பெயரை நீக்கினர். நாடகத்தை உடனே நீக்கினரா? இல்லை! வசூலை விட மனம் வருமா?

மே மாதம் ஈராண்டுக் கடுங்காவல். ஜூனில் நூலகச் சீட்டும் பறிப்பு. அச்சீட்டை 2025 அக்டோபரில்தான் பிரிட்டிஷ் நூலகம் திருப்பித் தந்தது. 130 ஆண்டுகள்!

இங்கு ஆங்கிலேயன் பூட்டிய 377ஆம் பிரிவின் விலங்கை உச்சநீதிமன்றம் தளர்த்தியதோ 2018இல்.

உழைப்பைச் சுருட்டிக்கொண்டு உழைத்தவனை விரட்டும் வித்தையைத் தொழிலாளி அறியாதவனா? தோழர்களே, செத்தவருக்குச் சீட்டு போதாது. வாழ்பவரின் பெயர் சுவரொட்டியில் நிற்கவேண்டும்!