இரண்டிலும் 55 தானே அக்கா!

காலையில் வானொலியில் சாலை நிலவரம் சொல்கிறவள் நான். அதனாலேயே வீட்டில் காருக்கு எது நேர்ந்தாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். நெரிசல் எங்கே என்று சொல்பவளுக்கு டயரும் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. உண்மையில், தம்பி தன் மைவிக்கு 16 அங்குல ஸ்போர்ட்ஸ் ரிம் போடும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது.

போனஸ் காசு. ரிம் அழகாகத்தான் இருந்தது. மறுவாரம் அம்மா, அப்பா, என் மகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குக் கிளம்பினோம். முதல் வளைவிலேயே முன்பக்கம் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். மேடு ஏறி இறங்கியபோது பின்பக்கமும் அதே சத்தம். நெடுஞ்சாலையில் இன்னொன்றைக் கவனித்தேன். வழக்கமாக வேஸ் காட்டும் வேகம் மீட்டரைவிட நான்கைந்து குறைவாக இருக்கும். அன்று மீட்டரில் 110, வேஸில் 111. அப்பா வேறு, “கேமரா இருக்கும், பாத்து ஓட்டுப்பா” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தாப்பா ஓய்விடத்தில் நிறுத்திப் பார்த்தோம். சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக்கில் டயர் உரசிய தடம் பளபளவென்று தெரிந்தது.

“பழைய டயர் 185/55 R15. புதுசு 195/55 R16. இரண்டிலும் 55 தானே அக்கா!” என்றான் தம்பி. கடைக்காரரும் அப்படித்தான் சொன்னாராம்.

அங்கேதான் தப்பு. தே தாரிக் ஆறும்வரை கைப்பேசியில் தேடிப் படித்து, டிஷ்யூ தாளில் கணக்குப் போட்டோம். 55 என்பது மில்லிமீட்டர் அல்ல, விழுக்காடு. டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். அதில் 55 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 102, பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 15 அங்குல ரிம், அதாவது 381. மொத்தம் 584.5. புது டயரில் அகலமும் கூடியது, ரிம்மும் கூடியது. 55 மட்டும் அப்படியே நின்றதால் மொத்தம் 620.9 ஆகிவிட்டது. 36 மில்லிமீட்டர் அதிகம், 6 விழுக்காட்டுக்கும் மேல். 3 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் பொது வழக்கம். சக்கரம் பெரிதானதால் ஒரு சுற்றுக்குக் கார் கூடுதல் தூரம் ஓடுகிறது. அது மீட்டருக்குத் தெரியாது.

ரிம் பெரிதானால் சுவர் குட்டையாக வேண்டும். 195/45 R16 போட்டால் 581.9. பழைய அளவுக்கு 3 மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை.

மீதி வழியை 80இல் ஊர்ந்தே கடந்தோம். திரும்பி வந்து கேட்டபோது கடைக்காரர், “ஓட்ட ஓட்டச் சரியாயிடும்” என்றார். எது சரியாகும், பிளாஸ்டிக் முழுசாகத் தேய்ந்த பிறகா? வேறு கடையில் டயர் மாற்றினோம். நான்கு டயர் காசு போனது போனதுதான்.

இந்த முறை அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எண்ணையும் பார்த்தேன். பழைய டயரில் 82, அதாவது ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 80 என்றால் 450தான். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறுகிற காரில் அதைக் குறைக்க மனம் வரவில்லை. 84 கிடைத்தது.

இப்போது சத்தம் இல்லை. ஆனால் சுவர் 88 மில்லிமீட்டர்தான். மழைக்குப் பிறகு சாலையில் குழியைக் கண்டால் தம்பி எறும்பைப் போல ஊர்கிறான். பின்சீட்டில் அம்மா மட்டும், “அந்தப் பழைய ரிம்ம வித்துடலையேடா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.