‘மலடி’ என்ற பட்டம் ஒழிக!



கூலி பத்து நாள் தள்ளிப்போனால் ஆலை வாசலில் கூடி நியாயம் கேட்கிறோம். வீட்டில் மகளுக்கு மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளிப்போனால் என்ன செய்கிறோம்? வாய் திறப்பதில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பிள்ளையில்லையென்றால், மருமகளுக்கு ‘மலடி’ என்று பட்டம் கட்டுகிறோம். பையனுக்கு வேறு பெண் தேடுகிறோம். இது நியாயமா?

டாக்டர்கள் இதைச் சினைப்பை நீர்க்கட்டி நோய், பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 6 முதல் 13 பேருக்கு இது உண்டு. அவர்களில் 70 சதவீதம் வரை தமக்கு நோயிருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உடம்பில் ஆண் சுரப்பு நீர் மிகுந்து, கருமுட்டை வெளிவருவது தடைபடுகிறது. விலக்கு தவறுகிறது, முகத்தில் ரோமம் வளர்கிறது, சிலருக்கு உடல் பருக்கிறது. இது சாபமல்ல, நடத்தைக் குறையுமல்ல. அடியோடு போக்கும் மருந்தில்லை. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். சிகிச்சை பெற்றுத் தாயானவர்கள் ஏராளம். பிள்ளையில்லாமைக்குக் காரணம் புருஷனிடமும் இருக்கலாம்; அவனும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

உடம்போடு மனமும் நோகிறது. இந்நோயுள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். ஒவ்வொருவரின் மனநிலையையும் விசாரிக்க வேண்டுமென்று 2023ஆம் ஆண்டின் சர்வதேச மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. நாமோ மூலையில் அழுபவளுக்கு வேப்பிலை அடிக்கிறோம்!

இந்த மௌனத்தால் லாபமடைபவன் யார்? தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை செய்த சுமார் 100 பெண்களைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை விசாரித்து 2019இல் செய்தி வெளியிட்டது. விலக்கு வலிக்கு ஓய்வு தராமல், பெயரில்லாத மாத்திரை கொடுத்து வேலை வாங்கினார்கள் என்று அப்பெண்கள் சொன்னார்கள். நாம் வெட்கப்பட்டு மறைப்பது முதலாளிக்கு வசதி.

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போகும். ஆகவே சர்க்காரிடம் கேட்போம்:

மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பெண் டாக்டரும் இரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் வேண்டும்.

மனநல ஆலோசகர் மாதந்தோறும் மலையேறி வர வேண்டும்.

ஆலைகளில் டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை கொடுக்கக் கூடாது. விலக்கு நாளில் சம்பளத்துடன் ஓய்வு வேண்டும்.

இவை சர்க்காரிடம் கேட்பவை. நம் வீட்டில் நாமே செய்ய வேண்டியதும் உண்டு. கல்வராயன் மலையில் ஜாகீர்தார் ஆட்சி 1976இல் ஒழிந்தது. ‘மலடி’ என்ற சொல்லின் ஆட்சி இன்னும் ஒழியவில்லை. இன்றிரவே உங்கள் மகளிடம், மனைவியிடம் கேளுங்கள்: “உடம்பு எப்படியிருக்கிறது? மனசு எப்படியிருக்கிறது?”