பழைய புல்லட்: எந்தப் பார்ட்ஸுக்கு காசை இறக்கணும்?

ஏர்-கூல்டு வோக்ஸ்வேகன் வேன் வீடியோ பார்த்து ஆசைப்படுறது ஈஸி. ஆனா தென்காசிப் பக்கம் நம்ம கைக்கு எட்டுற ஏர்-கூல்டு இன்ஜின்னா, அது பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்தான்.

வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாசம் சித்தப்பாவோட 1994 மாடலை எடுத்தேன். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ன்னு ஒரு கடையில சொன்னாங்க. விலை கம்மின்னு அந்த பிஸ்டன் கிட்டைப் போட்டேன். மிச்சம் 900 ரூபா. செங்கோட்டை தாண்டி புளியரை ஏத்தத்துல, லாரிக்குப் பின்னாடி ஊர்ந்தப்போ இன்ஜின் ஜாம்! புது கிட், ரீபோர், மெக்கானிக் கூலி, வண்டியைத் தூக்கிட்டு வந்த குட்டி யானை வாடகை எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 9,000.

ஏன் இப்படி? வோக்ஸ்வேகன் இன்ஜினுக்குக் காத்தடிக்க ஃபேன் உண்டு. புல்லட்டுக்கு வண்டி ஓடுற காத்துதான். மெதுவா மேட்டுல ஏறினா சூடாகி பிஸ்டன் விரியும். போர்ல சரியான இடைவெளி இல்லன்னா கவ்விக்கும்.

350 புல்லட்டோட போர் 70 மில்லிமீட்டர். தேஞ்சா 20, 40, 60ன்னு ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க. 20ன்னா ஒரு இன்ச்சை ஆயிரமாப் பிரிச்சதுல 20 பங்கு பெருசு. ஒவ்வொரு ரீபோரும் பி.எஃப். பணத்தைப் பாதியில எடுக்கிற மாதிரி, போனது திரும்ப வராது. அதனால முதல்ல போரை அளக்கச் சொல்லுங்க, அப்புறம் பிஸ்டன் வாங்குங்க. அந்த பிஸ்டனையே லேத்துல கொடுத்து, அதுக்கு ஏத்த மாதிரி போர் பண்ணச் சொல்லுங்க.

பிஸ்டன், ரிங், ஆயில் பம்ப், பிக் எண்ட் - இதுல கஞ்சத்தனம் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். குரோம், சைலன்சர் எல்லாம் போனஸ் வரும்போது பார்த்துக்கலாம். இதுக்குப் பர்சனல் லோனா? சத்தியமா வேண்டாம்.

இன்னொண்ணு. "விண்டேஜ் வண்டி"ன்னு கூடுதல் விலை சொன்னா ஏமாறாதீங்க. 2021 விதிப்படி, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். புது விண்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபா. அதுல பதிஞ்சா கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

எங்க வண்டி இப்போ 40ல நிக்குது, இன்னும் 60 ஒண்ணுதான் பாக்கி. அதான் சீசன்ல ஐந்தருவிக்கு நான் பஸ்ஸுல போறேன்.