காய்ச்சல் விட்டுடுச்சா? இனிமேத்தான் பாஸ் உஷார்!

ஹாஸ்டல்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா நம்ம ட்ரீட்மென்ட் என்ன? முதல் நாள், போர்வையை இழுத்து மூடிக்கிட்டு படுக்கறது. ரெண்டாம் நாள், பக்கத்து ரூம் 'டாக்டர்' (மெக்கானிக்கல், மூணாவது வருஷம்) கொடுக்கற மாத்திரை. மூணாம் நாள், மெடிக்கல் ஷாப்ல போய் "அண்ணே, காய்ச்சல், உடம்பு வலி, ரெண்டு வேளைக்குக் கொடுங்க". நாலாம் நாள் சரியாயிடும். சரியாகலைன்னா அம்மாவுக்கு போன்!

போன இன்டர்னல்ஸ் சமயத்துல என் ரூம்மேட்டுக்கு இதே ஸ்க்ரிப்ட்தான் ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி நெருப்பா கொதிச்சான். கண்ணுக்குப் பின்னால வலி, மூட்டெல்லாம் வலி. மெடிக்கல் ஷாப் மாத்திரை உள்ளே போச்சு. வியாழக்கிழமை காலைல உடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு. "மச்சி, நார்மல்டா!"ன்னு கத்தினோம். அந்த சந்தோஷத்துல நானே போய் பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டுட்டான். தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. பல் விளக்கினப்ப ஈறுல ரத்தம். எனக்குக் கை கால் ஓடலை. நேரா ஒண்ணாம் நம்பர் பஸ்ல ஏத்தி, ஸ்ரீரங்கத்துல எங்க 'டாக்டர் மாமா'கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன்.

டாக்டர் மாமா எங்க குடும்ப டாக்டர். எங்க தாத்தாவுக்கு சுகர் கண்டுபிடிச்சதும் அவர்தான், நான் ரெண்டாங்கிளாஸ்ல பல்பத்தை முழுங்கினப்ப பார்த்ததும் அவர்தான். ரூம்மேட்டைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "காய்ச்சல் என்னிக்கு ஆரம்பிச்சது?" ரெண்டாவது, "கடைசியா எப்போ யூரின் போனே?" மூணாவது, "என்ன மாத்திரை சாப்பிட்டே, காட்டு."

அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிடுச்சு. ஒண்ணு ஆன்டிபயாடிக். இன்னொண்ணு டைக்ளோஃபினாக், அதாவது வலி மாத்திரை.

"ஏண்டா, வைரஸுக்கு ஆன்டிபயாடிக் என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. அது பாக்டீரியாவுக்கு. ஆனா இந்த வலி மாத்திரை இருக்கே, டெங்குவா இருந்தா இது வயித்துல ரத்தக்கசிவையே உண்டாக்கும். டெங்கு இல்லைன்னு தெரியற வரைக்கும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். அதுவும் டாக்டர் சொன்ன அளவுதான்."

அடுத்த பத்து நிமிஷத்துல கையில லெட்டர். புத்தூர் ஜி.ஹெச்.சுக்கு 108-ல போனோம். ரத்தப் பரிசோதனையில டெங்கு உறுதி. ட்ரிப்ஸ் ஏத்தி, மணிக்கணக்குப் பார்த்து பி.பி. எடுத்து, நாலு நாள்ல ஆளை நல்லபடியா அனுப்பி வெச்சாங்க. இப்ப பழையபடி என் சோப்பைத்தான் யூஸ் பண்றான். நல்லா இருக்கான்!

ஜில்லுனு ஆனா ஜாலி இல்லை

எல்லாம் முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை டாக்டர் மாமாவைப் போய்ப் பார்த்தேன். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே மாமா, அப்புறம் ஏன் அப்படி ஆச்சு?"

அவர் சொன்னது இதுதான். டெங்குவுல பெரும்பாலானவங்க ஒரு வாரத்துல தானா தேறிடுவாங்க. சிலருக்கு மட்டும், காய்ச்சல் ஆரம்பிச்ச மூணாம் நாள்லேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள, சரியா காய்ச்சல் இறங்கற நேரத்துல, ரத்தக்குழாய்ல இருக்கற நீர் வெளியே கசிய ஆரம்பிக்கும். ரத்தம் கெட்டியாகும், பி.பி. விழும். அந்த 24 - 48 மணி நேரம்தான் கண்டம். நாம எல்லாரும் 'பிளேட்லெட் எத்தனை'ன்னு மட்டும் கேக்கறோம். டாக்டர்கள் அதோட சேர்த்து 'ஹெமட்டோக்ரிட்'டையும் பார்க்கறாங்க. ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்குன்னு சொல்ற அளவு அது.

அதனால, காய்ச்சல் இறங்கின பிறகு இதுல எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும்: விடாத வயித்து வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறு, மூக்குல ரத்தம், கறுப்பா மலம், ஒரே அசதி, இல்லேன்னா தாங்க முடியாத படபடப்பு, கை கால் சில்லிடறது, ஆறு மணி நேரமா யூரின் போகாதது.

டெங்கு வைரஸ்ல நாலு வகை. ஒண்ணு வந்துட்டுப் போனா, அந்த வகைக்குத்தான் நீண்ட நாள் எதிர்ப்பு சக்தி. அடுத்த தடவை வேற வகை வந்தா இன்னும் மோசமாகிற வாய்ப்பு அதிகம். 'எனக்கு ஏற்கெனவே வந்தாச்சு'ன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கறவங்க கவனிக்க!

நம்ம ஊர் டாக்டர் போட்ட சட்டம்

"சரி, கொசுவுக்கு கார்ப்பரேஷன்தானே பொறுப்பு?"ன்னு கேட்டேன். மாமா சிரிச்சார். "டி.எஸ்.எஸ். ராஜன் யாருன்னு தெரியுமோ?"

திருதிருன்னு முழிச்சேன். நீங்களும் முழிக்கறீங்களா? கேளுங்க.

1880-ல ஸ்ரீரங்கத்துல பிறந்தவர். மெட்ராஸ்ல ராயபுரத்துல மருத்துவம் படிச்சார். பர்மாவுல வேலை, அப்புறம் லண்டன்ல மேல்படிப்பு. அங்கே வ.வே.சு. ஐயரோட சிநேகம். திரும்பி வந்து திருச்சியில டாக்டர். 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தலைமையில வேதாரண்யம் உப்பு யாத்திரை புறப்பட்டுச்சே, அது கிளம்பினதே திருச்சியில இவர் வீட்டுலேர்ந்துதான். 'நினைவு அலைகள்'னு சுயசரிதை எழுதியிருக்கார்.

1937-ல ராஜாஜி மந்திரிசபையில பொது சுகாதார மந்திரி ஆனார். அந்த ஆட்சியிலதான் 1939-ல சென்னை மாகாண பொது சுகாதாரச் சட்டம் வந்துச்சு. நாட்டுக்கே முன்னோடியான சட்டம். அதுல கொசுவுக்குன்னே பிரிவுகள் இருக்கு. உங்க இடத்துல கொசு முட்டையிடற மாதிரி தண்ணி தேங்கி நின்னா, அதைச் சரி பண்ண வேண்டியது இடத்துக்காரரான நீங்க. இன்னிக்கும் நம்ம மாநிலத்துல அமல்ல இருக்கற சட்டம் இது. தொட்டியை எட்டிப் பார்த்துட்டு சுகாதாரப் பணியாளர்கள் நோட்டீஸ் கொடுக்கறாங்களே, அதுக்குப் பின்னால இருக்கறது இதுதான்!

ஆக, வைத்தியம் பார்க்கற டாக்டரே 'வைத்தியத்துக்கு முன்னாடி சாக்கடையைப் பாரு, தண்ணித் தொட்டியைப் பாரு'ன்னு சொன்ன ஊர் நம்ம ஊர்.

அன்னிக்கு ராத்திரியே ஹாஸ்டல்ல டார்ச் அடிச்சுத் தேடினோம். மொட்டை மாடியில கவுந்து கிடந்த பெயின்ட் டப்பாவெல்லாம் ஓகே. நிமிர்ந்து கிடந்ததெல்லாம் நீச்சல் குளம்! ஒரு உடைஞ்ச வாஷ்பேசின், ரெண்டு டயர், எங்க ரூம் வாசல்லயே மூணு வாரமா யாரும் தொடாத பக்கெட். உள்ளே புழுக்கள் டிஸ்கோ ஆடிட்டிருந்துச்சு. அந்த பக்கெட் யாருதுன்னு மட்டும் கேக்காதீங்க. (சரி, என்னுதுதான்.)

இதுல நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு ஒரு கணக்கு. ஏடிஸ் கொசு முட்டையிலேர்ந்து பறக்கற கொசுவா மாற சுமார் 7 - 10 நாள் ஆகும். வாரத்துல ஒரு நாள் எல்லாத்தையும் கொட்டிக் கவுத்துட்டா, சைக்கிள் முடியறதுக்கு முன்னாடியே ரீசெட்! ஆனா கொட்டினா மட்டும் போதாது, உள்பக்கம் தேய்ச்சுக் கழுவணும். ஓரத்துல ஒட்டின முட்டை தண்ணியில்லாமலே மாசக்கணக்குல உயிரோட இருக்கும். அப்புறம், இது பகல் நேரக் கொசு. மத்தியானம் கிளாஸ்ல தூங்கறவங்களுக்கு சொல்லிட்டேன்.

நீ வா, உன்னைப் பார்ப்போம்

கிளம்பறப்ப மாமா என்னையும் விடலை. பி.பி. பார்த்தார், இடுப்பளவு எடுத்தார். "தாத்தாவுக்கு சுகர், அப்பாவுக்கு சுகர். உனக்கு இப்ப இல்லை. இருபது வயசுல ஆரம்பிச்சாத்தான் நாற்பதுல தள்ளிப்போட முடியும். தினமும் அரை மணி நேரம் நட. ஆண்பிள்ளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. உப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள்ள." 2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நம்ம நாட்டுல சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர். அதுல என் பேரைச் சேர்க்காம இருக்கத்தான் இவ்வளவு பாடு.

யோசிச்சுப் பார்த்தேன். மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு என் ரூம்மேட்டுக்கு எத்தனாவது நாள் காய்ச்சல்னு தெரியாது. கூகுளுக்கு எங்க தாத்தாவைத் தெரியாது. நம்மளைத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கறது, தில்லைநகர்ல எந்த கிராஸ்ல எந்த ஸ்பெஷலிஸ்ட்னு தெரிஞ்சு வெச்சுக்கறதை விட முக்கியம். எந்த கிராஸுக்குப் போகணும்னும், போகவே வேண்டாம்னும் சொல்றவர் அவர்தானே?

வெளியூர்லேர்ந்து வந்து ஹாஸ்டல்ல இருக்கீங்களா? காலேஜ் பக்கத்துலயே ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டரையோ, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ நல்லா இருக்கறப்பவே பார்த்து வெச்சுக்கோங்க. நம்பரை போன்ல ஏத்திக்கோங்க. ரூம்ல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தேதி, டெம்பரேச்சர், சாப்பிட்ட மாத்திரை மூணையும் நோட்டுல எழுதுங்க. ரெக்கார்ட் நோட்டு மாதிரி பார்த்து எழுதிடாதீங்க, இது நிஜ ரீடிங்கா இருக்கணும்!

என் ரூம்மேட் இப்ப ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மாடிக்கு டார்ச்சோட போயிடறான். நான் பக்கெட் கழுவறேன். பரோட்டா இன்னும் பாக்கி இருக்கு. இந்தத் தடவை அவன் வாங்கித் தர்றானாம்.