கோல்ஃப் ஆடப் போறீங்களா? முதல்ல நிலத்தைப் பாருங்க!

பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இப்போது புதிதாக ஓர் ஆசை வருகிறது. கோல்ஃப்! வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறவர்கள், அங்கே மட்டை பிடிக்கவும் பழகிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எங்கள் காரைக்காலிலோ கோல்ஃப் மைதானம் கிடையாது. இங்கே பச்சையாக விரிந்து கிடப்பதெல்லாம் வயல்தான். அதனால் பக்கத்துத் தமிழ்நாட்டில் எங்கெங்கே ஆடலாம் என்று விசாரித்து, பெரிய பட்டியலே போட்டுவிடுகிறார்கள்.

ஆசையில் தப்பே இல்லை. பட்டியல் போடுகிற விதத்தில்தான் எனக்கு வருத்தம்.

என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஒருவர், வயது 58, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. "ஆறு நாள்ல நாலு மைதானம் டாக்டர்! சென்னை, கொடைக்கானல், கோவை, ஊட்டி" என்று காகிதத்தை நீட்டினார். எத்தனை குழி, என்ன கட்டணம், எங்கே தங்குவது, எல்லாம் பக்காவாக எழுதியிருந்தார். "லிஸ்ட் பிரமாதம் சார். இதுல உங்க உடம்பு எங்க இருக்கு?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார்.

சித்த மருத்துவத்தில் நிலத்துக்குப் பெரிய இடம் உண்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஒவ்வொரு நிலத்தின் காற்றும் தண்ணீரும் உடம்பை ஒவ்வொரு விதமாகப் பாதிக்கும் என்பது நம் முன்னோர் கணக்கு. இதில் மருத நிலமே உடம்புக்கு மிகவும் உகந்தது என்பார்கள். காரைக்கால்காரர்கள் நெய்தலும் மருதமும் கலந்த மண்ணில், கடல் காற்றில் வியர்த்துப் பழகியவர்கள். இந்த உடம்பை ஒரே வாரத்தில் குறிஞ்சிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினால் அது என்ன செய்யும்?

ஊட்டி 7,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே ஊட்டி ஜிம்கானா கிளப்பின் மைதானம். 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பும் ஏறக்குறைய அதே உயரம்தான். இரண்டுமே 18 குழி. குன்னூர் பக்கம் வெலிங்டன் கொஞ்சம் தாழ்வு, சுமார் 6,000 அடி. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். மேடு ஏறும்போது மூச்சு வாங்கும், இதயம் கூடுதலாக உழைக்கும். மலைக்குப் போன முதல் இரண்டு நாள் மட்டையைத் தொடாமல் மெதுவாக நடந்து பழகுங்கள். மூட்டுவலிக்காரர்கள் காலைக் குளிரில் ஆடவே வேண்டாம். வெயில் வந்த பிறகு இறங்கலாம். கொடைக்கானல் மைதானத்தில் காட்டெருமைகள் மேய வரும். கிட்டே போய் போட்டோ எடுக்கிற ஆசையும் வேண்டாம்!

சமவெளியில் ஆடுவதென்றால் கோவையில் செட்டிபாளையம், சென்னையில் நந்தனம். இங்கே எதிரி வெயில். விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். மோரும் தண்ணீரும் கூடவே இருக்கட்டும். இடி முழங்கினால் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். திறந்த வெளியில் இரும்பு மட்டையோடு நிற்பது மின்னலை வா வா என்று அழைப்பதுதான். இன்னொரு விஷயம். கிண்டி ரேஸ் மைதான நிலத்தின் குத்தகையை அரசு 2024 செப்டம்பரில் ரத்து செய்து, கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்தது. அதற்குள்ளேதான் பழைய கோல்ஃப் மைதானமும் இருந்தது. ஆகவே பழைய பட்டியலை நம்பிக் கிளம்பாதீர்கள். எந்த கிளப்பானாலும் விருந்தினருக்கு அனுமதி உண்டா என்று போன் செய்து கேட்ட பிறகு டிக்கெட் போடுங்கள்.

"கோல்ஃப் ஆடினா ஆயுசு கூடுமாமே டாக்டர்?" என்று கேட்கிறார்கள். சுவீடனில் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து, அதே வயதுள்ள மற்றவர்களைவிட இவர்களுக்கு இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவு என்று 2008-ல் கரோலின்ஸ்கா நிறுவனம் சொன்னது உண்மைதான். ஆனால் 18 குழியும் ஆடி முடிக்க நாலைந்து மணி நேரம், ஆறேழு கிலோமீட்டருக்குக் குறையாமல் நடக்கவேண்டும். அந்த நடைதான் மருந்து! பேட்டரி வண்டியில் ஏறிக் குழிக்குக் குழி இறங்கி அடித்தால் மருந்தை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்த மாதிரிதான்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ரொம்ப ஜாக்கிரதை. நாலு மணி நேர நடையில் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். பையில் குளுக்கோஸ், பிஸ்கட் இருக்கட்டும். நடுவில் ஏதாவது சாப்பிடுங்கள். நெஞ்சு அழுத்தம், இடது கை வலி, திடீர் வியர்வை வந்தால் கஷாயம், தைலம் என்று தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கத்து ஆஸ்பத்திரி எது என்பதும் உங்கள் பட்டியலில் இருக்கவேண்டும். இடுப்பைத் திருகி அடிக்கும் ஆட்டம் இது. உடம்பைச் சூடேற்றாமல் முதல் பந்தை ஓங்கி அடித்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்புறம் நொச்சி இலை ஒற்றடமும் ஓய்வும்தான்.

நான் சொல்வது இதுதான்: ஒரு பயணத்துக்கு ஒரு நிலம். மலை என்றால் மலை மட்டும், சமவெளி என்றால் சமவெளி மட்டும். ஆறு நாளில் ஒரே ஒரு மைதானம், அதிலும் முதலில் 9 குழி போதும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தினம் அரசலாற்றங்கரையிலோ கடற்கரையிலோ ஒரு மணி நேரம் நடந்து பழகுங்கள்.

அந்த அம்மா சொன்னதையும் எழுதியாக வேண்டும். "இவர் ஆடுவார், நான் கிளப் வராந்தால பைக்குக் காவலா உக்காரணுமா டாக்டர்?" நியாயமான கேள்வி! மட்டை ஒருவர் கையில் இருக்கட்டும். கிளப்பில் அனுமதி கேட்டுக்கொண்டு நடையில் இருவரும் சேர்ந்தே போங்கள். சர்க்கரையும் மூட்டுவலியும் வீட்டில் ஒருவருக்கு மட்டுமா வருகிறது?